கணிப்பொறிக்குள் ஓர் அடி உயர்ந்த கலங்கல்

சென்ற மாதம் என் பழைய அலுவலகத்துக் கணிப்பொறிப் பிரிவில் இப்போது இருக்கும் பிள்ளைகள் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். போய் உட்கார்ந்தேன். முன்வரிசையில் இருந்த ஒருவர் திரையில் ஒரு கட்டளையைத் தட்டினார். பாதி தட்டுவதற்குள் மீதியை மிஷினே எழுதிக்கொடுத்துவிட்டது. வந்த விடை அவருக்குப் பிடிக்கவில்லை. ஓர் எண்ணை மாற்றினார், தட்டினார். மறுபடி மாற்றினார், மறுபடி தட்டினார். "என்ன வரும் என்று நினைத்துத் தட்டுகிறீர்கள்?" என்று கேட்டேன். "தட்டினா தெரிஞ்சுடுமே சார்" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. இந்த வயசில் வேறு எதற்குப் பஞ்சமானாலும் கோபத்துக்குப் பஞ்சமில்லை. காபி கொடுத்துச் சமாதானம் செய்தார்கள். உங்கள் காலத்தில் எப்படிக் கட்டளை கொடுத்தீர்கள் என்று எழுதித் தாருங்கள் சார் என்றார்கள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதால் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் உத்திரமேரூர். பஜாரில் என் அப்பாவுக்கு, அதாவது எங்கள் அத்தாவுக்கு, மண்ணெண்ணெய், குடை, பூட்டு விற்கும் கடை. ஊரே அவரை பாய் என்று கூப்பிடும். அதனால் நான் சின்ன பாய். பள்ளிப் படிப்பு முடித்துத் தட்டச்சும் பாஸ் செய்திருந்ததால் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் அட்டையில் துளை போடும் வேலை கிடைத்தது. அந்த நாளில் கணக்கை அட்டைகளில் துளைத்துக் கட்டாகக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். மறுநாள் காகிதத்தில் பதில் வரும். ஒரு கமா விட்டுப்போயிருந்தால் மறுநாளைக்கு மறுநாள். சில வருஷம் அப்படியே ஓடியது. அதில் எழுத ஒன்றுமில்லை.

அறுபதுகளின் கடைசியில்தான் எங்கள் பிரிவுக்கு வேதவல்லி அம்மா தலைவராக வந்தார். கணிதம் படித்தவர், வெளிநாட்டில் சில காலம் வேலை பார்த்தவர். வரும்போது பெட்டியில் ஒரு காகித நாடாச் சுருளைக் கொண்டுவந்தார். புதிதாக வந்திருந்த சின்ன மிஷினில் அந்த நாடாவை ஏற்றினால், அது ஒரு விசித்திரமான மொழியைப் புரிந்துகொள்ள ஆரம்பிக்கும். எதிரே டெலிடைப் இருக்கும். தட்டச்சு மிஷினைப் போலத்தான், சத்தம் மட்டும் அதிகம். அதில் ஒரு கட்டளையைத் தட்டினால், அடுத்த வரியிலேயே பதிலை அதுவாகவே தட்டிக் காட்டும். கேட்ட வாய் மூடுமுன் பதில். முதல் முறை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதைச் சொல்ல வெட்கமில்லை.

அந்த மொழியில் பெரும்பாலும் எல்லாமே கேள்விகள்தான். ஒரு கேள்வியை எப்படிக் கேட்பது என்று ஒருமுறை சொல்லிக்கொடுத்துப் பெயர் வைத்துவிடலாம். பிறகு பெயரைச் சொன்னால் போதும். ஒரு கேள்வி இன்னொரு கேள்வியைக் கேட்கலாம். தன்னையே கூடக் கேட்டுக்கொள்ளலாம். ஒவ்வொன்றையும் அடைப்புக்குறிக்குள் போடவேண்டும், உள்ளே உள்ளே அடைப்புக்குறி. திறந்ததை எல்லாம் மூடியாக வேண்டும். ஆரம்பத்தில் ஒருநாள் நானும் பக்கத்து மேசை நண்பரும் மிஷின் ஏதோ பெரிய யோசனையில் இருக்கிறது என்று மரியாதையாகக் காத்துக்கொண்டிருந்தோம். அது நாங்கள் கடைசி அடைப்பை மூடுவோம் என்று காத்துக்கொண்டிருந்தது. அம்மா வந்து ஒரே ஒரு விசையைத் தட்டிவிட்டுப் போனார். போகும்போது முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டதை மட்டும் பார்த்தேன்.

அம்மா அதட்டிப் பேசியதே கிடையாது. ஆனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார், அதற்கு நாங்கள் எல்லோரும் பயந்தோம். கட்டளையைத் தட்டி முடித்துவிட்டு, கடைசி விசையை அழுத்தும் முன் என்ன பதில் வரும் என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். "நீ என்ன எதிர்பார்க்கிறே? சொல்லு. அப்புறம் அழுத்து." தெரியாது என்றால், தெரியாது என்று சொல்லவேண்டும். சொன்னதும் வந்ததும் ஒன்றாக இருந்தால் மேலே போகலாம். வேறாக இருந்தால் இரண்டையும் நம்பக்கூடாது. எங்கே பிரிந்தது என்று தெரியும்வரை அடுத்த வேலை கிடையாது. இந்த விதி அவருக்கும் உண்டு. தனியாக உட்கார்ந்திருக்கும்போதும் அவர் உதடு அசைவதைப் பார்த்திருக்கிறேன். புதிதாக வந்தவர்கள் அம்மா ஸ்லோகம் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இன்னொன்றையும் அடிக்கடி சொல்வார். அந்த மொழியில் கேட்பதற்குப் பல கட்டளைகள் உண்டு. ஒரு பெயருக்குள் ஓர் எண்ணை வைப்பதற்கும் ஒரு கட்டளை உண்டு. "எத்தனை தரம் வேணும்னாலும் கேளு, ஒண்ணும் கெட்டுப்போகாது. வைக்கும்போதுதான் ஜாக்கிரதையா இருக்கணும். வெச்சதை அது மறக்காது, நாம மறந்துடுவோம்." அப்போது இது எனக்கு ஏதோ வேதாந்தம் போலக் கேட்டது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊர்ப் பக்கத்து ஏரிகளின் கணக்கு எங்களிடம் வந்தது. உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் பக்கம் மூன்று ஏரிகள், ஒன்றுக்குக் கீழே ஒன்று. மேலேரி, நடு ஏரி, சித்தேரி. மேலேரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்து நடு ஏரிக்கு வரும். கலங்கல் என்பது ஏரிக்கரையில் கல்லால் கட்டிய தாழ்ந்த இடம். அந்த உயரத்துக்கு மேல் ஏரியில் தண்ணீர் நிற்காது. நடு ஏரி வழிந்தால் சித்தேரிக்கு. மேலேரிப் பாசன நிலக்காரர்கள் தங்கள் கலங்கலை ஓர் அடி உயர்த்திக் கட்டவேண்டும் என்று மனுக் கொடுத்திருந்தார்கள். அவர்களுக்குத் தண்ணீர் கூட நிற்கும். சித்தேரிக்கு என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. சித்தேரிக்குக் கீழே ஒரு குடியிருப்பு. அங்கே யாருக்கும் சொந்த நிலம் இல்லை. சித்தேரி நிரம்பினால் நடவு உண்டு, களை உண்டு, அறுப்பு உண்டு. நிரம்பாவிட்டால் அந்த வருஷம் வேலை தேடி ஊர் ஊராக அலையவேண்டும்.

அம்மாவுக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. "சித்தேரிக்கு எவ்வளவு தண்ணி வரும்? அதை நடு ஏரியைக் கேக்கணும். நடு ஏரி மேலேரியைக் கேக்கும். மேலேரி பதில் சொன்னா நடு ஏரி சொல்லும், நடு ஏரி சொன்னா சித்தேரி சொல்லும். இந்த மொழியே இதுக்காகப் பண்ணினது மாதிரி இல்லே?" என்றார். ஏரியைக் கேட்கும் கேள்விக்குள்ளேயே அதற்கு மேலே இருக்கும் ஏரியைக் கேட்கும் கேள்வி. ஒரே கேள்வி, மூன்று ஏரிக்கும்.

பழைய பதிவேட்டில் இருந்த உயரங்களை நம்பமுடியாது, கலங்கல்களை நேரில் அளக்கவேண்டும் என்று முடிவாயிற்று. ஊர்க்காரன் என்பதால் என்னை அனுப்பினார். அளந்ததைத் தொலைபேசியில் சொல்வது, அம்மா மிஷினில் தட்டிப் பதிலைச் சொல்வது என்று ஏற்பாடு. உத்திரமேரூர் தபாலாபீசில் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு உட்கார்ந்திருக்கவேண்டும். லைன் கிடைத்தால் மூன்று நிமிஷம், அதற்குப் பிறகு நீட்டிப்பு கிடைத்தால் உண்டு. நான் "அடைப்பு திற, மேலேரி, அடைப்பு திற... மூடு, மூடு" என்று கத்திக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு நடுவில் இருந்த ஆபரேட்டர், "சார், நீங்க போலீசா?" என்று கேட்டார். இல்லை, ஏரிக் கணக்கு என்றேன். அவர் நம்பவில்லை.

என்னோடு அளக்க வந்தவர் ஓவர்சீயர் தணிகாசலம். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். அவர் எழுதும் குறிப்பை வைத்துத்தான் காஞ்சிபுரத்தில் மனுவை முடிவு செய்வார்கள். அதை அன்று மாலைக்குள் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும் என்பதால் காலையில் நாஷ்டா கூடச் சாப்பிடாமல் கிளம்பிவிட்டார். மூன்று கலங்கலையும் அளந்துவிட்டுத் திரும்பும்போது எங்கள் பின்னாலேயே ஓர் அம்மாள் நடந்து வந்தார். பெயர் எஸ்தர். அந்தக் குடியிருப்பில் நடவுக்குப் பெண்களைச் சேர்த்து அழைத்துப்போகிறவர். எங்கள் கடைக்கு மண்ணெண்ணெய் வாங்க வருகிறவர், என்னைச் சின்ன வயசிலிருந்து தெரியும்.

"இன்னா சின்ன பாய், கோலு வெச்சு அளந்துகினு கீறீங்க? கலங்கல ஏத்தப் போறாங்களா?"

"இன்னும் முடிவாகல எஸ்தரம்மா. மெட்ராஸ்ல ஒரு மிஷின் இருக்கு, அதைக் கேக்கப் போறோம்."

"மிஷினு வந்து நாத்து நடுமா?" என்று சிரித்தார். ஆனால் திரும்பிப் போகவில்லை. தபாலாபீஸ் வாசலில் வேப்பமர நிழலில் குந்திக்கொண்டார்.

முற்பகலில் முதல் கால் கிடைத்தது. உயரங்களைச் சொன்னேன். அம்மா ஒவ்வொன்றாக வைத்தார். நேரம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஓவர்சீயர் என் தோளைத் தட்டி, "ஏத்தினா இன்னா ஆவும்னு ஒரு வாட்டி பாக்கச் சொல்லு சார்" என்றார். சொன்னேன். அம்மா மேலேரிக் கலங்கலை ஓர் அடி கூட்டி வைத்தார். விசைகள் தட்டும் சத்தம் எனக்கே கேட்டது. பதில் வருவதற்குள் லைன் போய்விட்டது. அம்மா மிஷினை நிறுத்தவில்லை, நிறுத்தவும் மாட்டார். நிறுத்தினால் அந்த நாடாவை மறுபடி முதலிலிருந்து ஏற்றவேண்டும். அது கிழிந்தால் அன்றையப் பொழுது போச்சு.

பிற்பகலில் இரண்டாவது கால். அம்மா ஒழுங்காக ஆரம்பித்தார். "முதல்ல இப்ப இருக்கிற நிலைமை. அப்புறம் ஓர் அடி ஏத்தினது. ரெண்டுக்கும் வித்தியாசம் வரும்னு நான் எதிர்பார்க்கிறேன். சித்தேரிக்குக் குறையும். நீ?"

"குறையும்தாம்மா."

முதல் கேள்வியைத் தட்டினார். ஓர் எண் சொன்னார். பிறகு மேலேரிக் கலங்கலுக்கு, நான் அளந்த உயரத்தோடு ஓர் அடி சேர்த்த எண்ணை வைத்துவிட்டு மறுபடி கேட்டார். அதே எண். "அதேதான் சொல்லுது" என்றார். குரலில் ஒரு தயக்கம். அதற்கு மேல் ஏதோ சொல்ல வந்தார், லைன் செத்துவிட்டது.

ஓவர்சீயர் என் காதோடு காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "வித்தியாசமே இல்லியா? வேலை முடிஞ்சுது சார்!" என்று துள்ளினார். அங்கேயே மேசையில் உட்கார்ந்து, உயர்த்துவதால் சித்தேரிக்குப் பாதகமில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். எதிரே பஸ் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார்.

"சார், இருங்க. அம்மா வித்தியாசம் வரும்னு சொன்னாங்க. வரல. இப்ப ரெண்டையும் நம்பக்கூடாது."

"இன்னா சார் பேஜார் பண்றே? கேட்டது நீங்க, சொல்லிச்சு உங்க மிஷினு. உங்கம்மா எதிர்பார்த்தா தண்ணி மேட்டுல ஏறுமா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. என்னிடம் ஒரு காரணமும் இல்லை, அம்மாவின் வழக்கம் மட்டும்தான் இருந்தது. வேறு கணக்காக இருந்தால் விட்டிருப்பேன். வாசலில் எஸ்தரம்மா எழுந்து நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காகிதம் பஸ் ஏறிவிட்டால் அதற்கப்புறம் யார் போய்த் திருத்துவது? அளக்கும் கோல் சுவரில் சாய்ந்திருந்தது. சர்க்காருடையது, ஓவர்சீயர் பேரில் இருக்கிறது. அதை எடுத்துக் காலுக்குக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"சார், கோலைக் குடுங்க."

"அடுத்த பஸ்ஸுக்குப் போங்க சார். அம்மா கூப்பிடுவாங்க."

"நீ இன்னா கொயந்தையா?" என்று கத்தினார். தபாலாபீஸ்காரர் ஸ்டாம்பு ஒட்டுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். கோலை இழுத்தால் நானும் சேர்ந்து விழுவேன் என்று தெரிந்ததால் ஓவர்சீயர் இழுக்கவில்லை. பஸ் போய்விட்டது. ஓவர்சீயர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நானும் வைராக்கியமாக உட்கார்ந்திருந்தேன். அம்மா கூப்பிடாவிட்டால் என்ன செய்வது என்று தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மணி அடித்தது. அம்மா அர்ஜென்ட் கால் போட்டிருந்தார். "ஓவர்சீயர் அங்கதான் இருக்காரா?" என்பதுதான் முதல் கேள்வி.

"இருக்கார்மா."

"நல்லவேளை. கேளு. நாம சித்தேரியைத்தானே கேட்டோம்? மேலேரிக் கலங்கலை எப்பெப்ப என்ன உயரத்துல வெச்சோம்னு டெலிடைப் காகிதத்தைக் காலையிலேருந்து திருப்பிப் படிச்சுப் பார்த்தேன். முதல் கேள்வியைக் கேக்கும்போதே அது ஏத்தின உயரமா இருந்திருக்கு. காலையில நான் ஓர் அடி கூட்டினேன் இல்லே? அதைத் திருப்பி வைக்கலே. அதனால ரெண்டு தரமும் ஏத்தினதைத்தான் கேட்டிருக்கோம்."

வெளியே மேலேரியில் கலங்கல் கல் அசையாமல் இருந்தது. மிஷினுக்குள் காலையிலிருந்தே அது ஓர் அடி உயர்ந்து நின்றிருக்கிறது. மிஷின் பொய் சொல்லவில்லை. நாங்கள் வைத்ததைத்தான் எங்களுக்குத் திருப்பிச் சொன்னது.

"போனை ஓவர்சீயர்கிட்ட குடு" என்றார்.

இந்த இடத்தைத்தான் அந்தப் பிள்ளைகள் கவனமாகப் படிக்கவேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு பிரிவின் தலைவர், வெளிநாட்டில் வேலை பார்த்தவர். மிஷின் கோளாறு என்று சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது; லைன் சரியில்லை, அவன் தப்பாகக் கேட்டுவிட்டான் என்று என் தலையில் கட்டியிருக்கலாம், நானும் வாயைத் திறந்திருக்கமாட்டேன். ஓவர்சீயர் ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்திருந்ததால் எனக்கும் கேட்டது. "தப்பு என்னோடது சார். மாத்தி வெச்சதைத் திருப்பி வைக்க மறந்துட்டேன். முதல்ல சொன்னதை விட்டுடுங்க. இப்ப உங்க எதிரிலேயே மறுபடி கேக்கறேன், ஒவ்வொரு படியா."

ஓவர்சீயர் அந்தக் குரலுக்கு எழுந்து நின்றுவிட்டார்.

ஒவ்வொரு படியாக என்றால், அதற்கு ஒரு கட்டளை உண்டு. அதைக் கொடுத்துவிட்டால் ஒரு கேள்வி எந்தக் கேள்வியைக் கேட்டது, அதற்கு என்ன பதில் வந்தது என்று மிஷின் வரிசையாகத் தட்டிக்கொண்டே போகும். அம்மா முதலில் மேலேரிக் கலங்கலைப் பழைய உயரத்துக்குத் திருப்பி வைத்துவிட்டு, மூன்று உயரங்களையும் ஒன்றொன்றாகக் கேட்டு வாசித்தார். நாங்கள் அன்று அளந்ததோடு சரிபார்த்தோம். பிறகு கேள்வி. சித்தேரி நடு ஏரியைக் கேட்டது. நடு ஏரி மேலேரியைக் கேட்டது. மேலேரி வழிந்ததைச் சொன்னது. பதில்கள் கீழே இறங்கி வந்தன. இன்றைய நிலையில், சுமாரான மழைக்குச் சித்தேரி கலங்கல் வரை நிரம்பும். ஓர் அடி உயர்த்தினால் அதே மழைக்கு மேலேரியே வழியாது. சித்தேரித் தண்ணீர் மதகின் வாய்க்குக் கீழேயே நின்றுவிடும். மதகுக்குக் கீழே நிற்கும் தண்ணீர் மாடு குடிக்கத்தான் ஆகும், வயலுக்கு ஆகாது.

இரண்டு முறையும் அம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் அழுத்தினார். இரண்டு முறையும் சொன்னதே வந்தது.

ஓவர்சீயர் பழைய காகிதத்தை நாலாகக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். புதிதாக எழுதினார், சித்தேரிப் பாசனம் நின்றுபோகும், உயர்த்த அனுமதிக்கலாகாது என்று. கையெழுத்துப் போட்டுவிட்டு, "ஏந்திரி சார். கோலு வளைஞ்சா நான்தான் பதில் சொல்லணும்" என்றார். சிரித்துவிட்டோம். அடுத்த பஸ்ஸில் ஏறிப் போனார். அந்தக் கலங்கல் உயர்த்தப்படவில்லை.

வாசலுக்கு வந்தேன். எஸ்தரம்மா முகத்தில் சிரிப்பு இல்லை. "இன்னா சொல்லிச்சு?"

"ஏத்தக்கூடாதுன்னு எழுதிட்டாங்க எஸ்தரம்மா. ஏத்தினா சித்தேரி மதகுக்குத் தண்ணி எட்டாது."

"அப்ப மொதல்ல எழுதிக் கிழிச்சாரே, அது இன்னா?"

மறைக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு சொன்னேன். "முதல்ல தப்பா கேட்டுட்டோம். மெட்ராஸ் அம்மா தானே கண்டுபிடிச்சு, தப்பு என்னோடதுன்னு ஓவர்சீயர்கிட்ட சொல்லிட்டு, மறுபடி கேட்டாங்க."

முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"கலங்கல ஏத்துவாங்க, மதக மூடுவாங்க, எல்லாம் அவங்களே பேசி முடிச்சுக்குவாங்க, சின்ன பாய். எங்க ஏரி இன்னா ஆவும்னு ஒருத்தரும் ஒரு வாட்டி கூடக் கேட்டதில்ல. இன்னிக்கி ஒருத்தங்க எங்களுக்காவ ரெண்டு வாட்டி கேட்டுகீறாங்க." போகத் திரும்பியவர் நின்றார். "அந்தம்மாவாண்ட சொல்லுங்க, இந்தத் தபா நாங்க நடவுக்கு எறங்குவோம்னு" என்று சொல்லிவிட்டுக் கிடுகிடுவென்று நடந்துவிட்டார், குடியிருப்பில் போய்ச் சொல்ல.

நான் மறுபடி தபாலாபீசுக்குள் போனேன். "இன்னுமா கணக்கு முடியல?" என்று தபாலாபீஸ்காரர் அலுத்துக்கொண்டார். முடிந்துவிட்டது என்றேன். அந்த ஒரு வரியைச் சொல்வதற்காக இன்னொரு டிரங்க் கால் பதிவு செய்தேன்.